நார்பர்ட் ஸீமரின் சாட்சி

எங்கள் டவுனில் எழுநூற்றுச் சொச்சம் வாக்காளர்கள். அத்தனை பேரின் கையெழுத்தும் எனக்கு அத்துப்படி. பதினெட்டு வருஷமாகத் தேர்தல் வேலை பார்க்கிற டவுன் கிளார்க்காக இருக்கிறவளுக்கு அது பெருமை ஒன்றும் இல்லை. வேறு யாரும் அந்த நாற்காலிக்கு நிற்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. யார் பேனா தீர்ந்த பிறகும் அழுத்தி அழுத்தி எழுதுவார், எந்தப் புருஷனுக்கு எங்கே கையெழுத்து என்று பெண்டாட்டி பென்சிலில் புள்ளி வைத்துக் கொடுக்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வெளியில் சொன்னதில்லை.

நார்பர்ட் ஸீமர் தபால் ஓட்டு உறையின் மேல் தன் பெயரை முழுசாக எழுதுவார். பரீட்சையில் மார்க் வாங்க எழுதுகிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்துவார். அதற்குக் கீழே, சாட்சி என்ற இடத்தில், அவருடைய அக்கா லுவெல்லாவின் கிறுக்கல் இருக்கும். லுவெல்லாவின் உறையில் இவர் சாட்சி, இவர் உறையில் லுவெல்லா சாட்சி. எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் தபாலில் ஓட்டுப் போடுகிறவர் தனியாகப் போட்டுவிட முடியாது. வயது வந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, இவர் போட்டதை நான் பார்த்தேன் என்று உறையின் மேல் கையெழுத்துப் போட்டு விலாசமும் எழுத வேண்டும். அது இல்லாத உறையை நாங்கள் பிரிக்கவே மாட்டோம். இந்தச் சட்டத்தை எழுதினவர்கள் எல்லா வீட்டிலும் இரண்டு பேர் இருப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

அக்காவும் தம்பியும் பிறந்தது, வளர்ந்தது, வயசானது எல்லாம் ஸீமர் ரோட்டில் இருக்கிற அந்த ஒரே வீட்டில்தான். ரோட்டுக்கே அவர்கள் தாத்தாவின் பெயர். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் லுவெல்லா, "மாடு விட்டாத்தானே?" என்பாள். நாற்பது மாடு. காலையில் ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம் கறவை. கிறிஸ்துமஸ் அன்றைக்கும் உண்டு, அப்பா செத்த அன்றைக்கும் உண்டு. நார்பர்ட் வெளியூர் என்று போனது ராணுவத்தில் இரண்டு வருஷம் ஜெர்மனியில் இருந்தது மட்டும்தான். திரும்பி வந்த அன்றைக்குச் சாயந்திரமே மாட்டுக்கடியில் உட்கார்ந்துவிட்டார் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

லுவெல்லா பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் முப்பது வருஷம் பரிமாறினவள். ஊரில் அவளுக்குத் தெரியாதவர் இல்லை. எனக்கு பீட்ரூட் பிடிக்காது என்பதுகூட அவளுக்குத் தெரியும். நார்பர்ட்டை எங்களுக்கெல்லாம் அவளுடைய தம்பி என்றுதான் தெரியும். எங்கே போனாலும் பேச்சை அக்காவிடம் விட்டுவிட்டு, இவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக நிற்பார்.

தேர்தலன்று மட்டும் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அவள் ஒரு கட்சி, இவர் எதிர்க்கட்சி. ஒரே டிரக்கில் டவுன் ஹாலுக்கு வந்து இறங்குவார்கள்.

"ஒருத்தர் ஓட்டை ஒருத்தர் அழிக்க வந்துட்டோம்," என்று லுவெல்லா நுழையும்போதே அறிவிப்பாள்.

வாக்குச்சாவடியில் தலைமை உட்காருகிற பெவ் சும்மா இருக்க மாட்டாள். "அப்ப ரெண்டு பேரும் வீட்லயே இருந்திருக்கலாமே. பெட்ரோலாவது மிச்சம்."

"நான் வீட்ல இருந்து, இவன் மட்டும் நைசா வந்து போட்டுட்டா?" என்பாள் லுவெல்லா.

நார்பர்ட் சிரிப்பார். வெளியாட்கள் முன்னால் அவர் சிரித்து நான் கேட்டது அப்போது மட்டும்தான்.

பிறகு மாடுகளை விற்றார்கள். நார்பர்ட்டின் இடுப்பு எலும்பு போனது. டிரக் ஓட்ட முடியவில்லை, நடப்பதற்கே நாலு கால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதிலிருந்து இரண்டு பேருக்கும் ஓட்டு தபாலில்தான். அவர்கள் உறைகள் இரண்டும் ஒரே நாளில் ஒன்றன்மேல் ஒன்றாக என் மேஜைக்கு வரும்.

அந்த வருஷம் பிப்ரவரியில் லுவெல்லா செத்துப்போனாள். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு எல்லோரும் அவளைப் பற்றியே பேசினோம். நார்பர்ட் வாசல் பக்கத்தில் உட்கார்ந்து, போகிறவர்கள் கையையெல்லாம் பிடித்து, வந்ததற்கு நன்றி என்றார். நானும் அவர் கையைப் பிடித்தேன். "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க நார்பர்ட்," என்றேன். எனக்கு முன்னால் நின்றவளும் அதைத்தான் சொன்னாள், பின்னால் நின்றவனும் அதைத்தான் சொன்னான். அவர் யாரையும் கூப்பிடவில்லை. சௌக்கியமாக இருக்கிறார் போல என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

ஏப்ரல் தேர்தலுக்கு அவர் உறை மட்டும் தனியாக வந்தது. பெயர் வழக்கம்போல நேராக நின்றது. சாட்சி என்ற கோட்டின் மேல் அதே அழகான எழுத்தில், "யாரும் இல்லை" என்று எழுதியிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கிழவர் குசும்பு பண்ணுகிறார் என்று நினைத்தேன். இந்த மாதிரி உறைகளுக்கென்றே மாநிலம் அச்சடித்துக் கொடுத்த மஞ்சள் தாள் ஒன்று உண்டு. அதில் "சாட்சி இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்து, உறையோடு சேர்த்து அவருக்கே தபாலில் திருப்பி அனுப்பினேன். அவர் வீடு எட்டு மைல். போயிருந்தால் இருபது நிமிஷ வேலை. போகாததற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. பனி உருகி ரோடு சேறாக இருந்தது, என் கணவர் டுவெய்னுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது, மேஜையில் இன்னும் அறுபது உறைகள் கிடந்தன. இப்போது எடுத்துப் பார்த்தால் ஒரு காரணமும் தேறாது. அவர் உறை திரும்பி வரவில்லை. ஆகஸ்டில் கட்சிகளுக்குள் நடக்கிற தேர்தலுக்கு அனுப்பினதும் வரவில்லை. அதையும் நான் பார்த்தேன், பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

நவம்பரில் அட்டர்னி ஜெனரல் தேர்தல். மாநிலத்தின் தலைமை வக்கீலை நாங்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். மற்ற வருஷங்களில் அந்தப் பதவிக்கு யார் நிற்கிறார் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த வருஷம் அப்படி இல்லை. ரெனே டூஃபெக் என்ற பெண்ணும் பிரெண்ட் ஹாலர் என்பவரும் நின்றார்கள். டி.வி.யைப் போட்டால் இவள் திருடர்களுக்கு வேண்டியவள் என்று அவர், அவர் திருடர்களுக்கே கூட்டாளி என்று இவள். சோளம் அறுத்த வயலோரமெல்லாம் இவர்கள் பெயர்ப்பலகை. மயிரிழைப் போட்டி என்று சொல்லிக்கொண்டார்கள். எங்கள் டவுன் ஹால் மாதிரி ஒரு கொட்டகைக்குக்கூட இரண்டு கட்சியும் பார்வையாளர் அனுப்பப் போவதாகக் கடிதம் வந்தது.

தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை தபாலில் நார்பர்ட்டின் உறை வந்தது. திருப்பிப் பார்த்தேன். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்து, விலாசம், எல்லாம் இருந்தது. அப்பாடா, யாரோ போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்று மனசு லேசாயிற்று. அப்புறம்தான் பெயரைப் படித்தேன். ரெனே டூஃபெக், மேடிசன்.

தேர்தலில் நிற்கிறவர் சாட்சி போடக்கூடாது. அந்த உறையிலேயே, கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு நேர் மேலே அச்சடித்திருக்கிறது. மாநிலத்துக்கே சட்டம் பார்க்கப் போகிறவள் மூக்குக்கு முன்னால் இருந்த மூன்று வரியைப் படிக்கவில்லை.

பெவ்வைக் கூப்பிட்டேன்.

"நார்பர்ட் ஸீமருக்கு யாரு சாட்சி போட்டிருக்கா, சொல்லு பார்ப்போம்."

"போப்பாண்டவரா?"

"ரெனே டூஃபெக்."

பெவ் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தாள். "அடிப்பாவி! அவளுக்கு விழுற ஓட்டை அவளே கெடுத்துக்கிட்டாளா!"

"அவளுக்குத்தான் போட்டாரோ என்னவோ, யாருக்குத் தெரியும். சிரிக்காதே. செவ்வாய்க்கிழமை ரெண்டு கட்சிக்காரனும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். நீ இந்த உறையை எடுத்து, பேரைச் சத்தமாப் படிச்சு, இது செல்லாது, காரணம் இதுன்னு சொல்லணும். அடுத்த நாள் பேப்பர்ல நம்ம டவுன் பேரு நாறும்."

"நாறட்டுமே. நம்ம பேரு பேப்பர்ல வந்து எத்தனை காலமாச்சு. கடைசியா வந்தது ரெண்டு தலைக் கன்னுக்குட்டி பொறந்தப்ப."

"பெவ்!"

"சரி, சரி. வேற சீட்டும் உறையும் எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு வா. எட்டு மைல்தானே."

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் நார்பர்ட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை காலையில் கிளம்பினேன்.

ஸீமர் ரோட்டு வளைவில் பள்ளத்துக்குள் டயர் இழுத்த தடம் ஆழமாகக் கிடந்தது. வீட்டு வாசலில் ஒருத்தர் பெயர்ப்பலகையும் இல்லை. கதவைத் தட்டி ரொம்ப நேரம் கழித்து நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து திறந்தார்.

"யாரு, ஹௌகன் பொண்ணா?"

எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் இன்னும் ஆள் இருப்பது ஒரு மாதிரி இதமாக இருந்தது.

"மர்லிஸ்தான். உள்ள வரலாமா?"

சமையலறையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்கார்ந்தார். இன்னொன்றில் பழைய பேப்பர்கள் அடுக்கியிருந்தன. அதைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உறையை மேஜையில் வைத்தேன்.

"இது செல்லாது நார்பர்ட்."

"ஏன்? சாட்சி இருக்கே."

"இருக்கு. ஆனா அவங்க எலெக்ஷன்ல நிக்கறவங்க. நிக்கறவங்க சாட்சி போடக் கூடாது. இதோ பாருங்க, போட்டிருக்கு."

பூதக்கண்ணாடியை எடுத்துப் பொறுமையாகப் படித்தார். "ரொம்பப் பொடியா எழுதியிருக்கே."

"நான் எழுதலை. மாநிலம் எழுதினது."

"அவ வக்கீலாச்சே. அவளுக்குத் தெரிஞ்சிருக்காதா?"

"தெரிஞ்சிருக்கணும். எப்படி உங்க வீட்டுக்கு வந்தாங்க? ஓட்டுக் கேக்கவா?"

"என்கிட்ட ஓட்டுக் கேக்க யாரு வரப்போறா?" என்றார். "வியாழக்கிழமை குறுக்கே ஒரு மான் ஓடிருச்சு. அவ கார் பள்ளத்துல இறங்கிருச்சு. இங்க செல்போன் எடுக்காது. டிரைவரை வண்டிகிட்ட விட்டுட்டு, போன் பண்ணலாமான்னு கேட்டுட்டு வந்தா. இழுக்கிற வண்டி வர நாற்பது நிமிஷம் ஆச்சு. இங்கதான் உட்கார்ந்திருந்தா, நீ இப்ப உட்கார்ந்திருக்கிற நாற்காலியில."

"என்ன பேசினாங்க?"

"மான் சாசேஜ் வெட்டிக் குடுத்தேன், ரெண்டு துண்டு தின்னா. சுவத்துல இருக்கிற போட்டோவைப் பார்த்துட்டு, இது யாருன்னு கேட்டா. லுவெல்லான்னு சொன்னேன்." போட்டோ பக்கம் பார்த்தார். "பிப்ரவரிக்கு அப்புறம் அவ பேரை வாய்விட்டுச் சொன்னது அன்னிக்குத்தான். அதனால கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். அவளும் கேட்டுக்கிட்டு இருந்தா. ஓட்டுச் சீட்டு மேஜை மேலயே கிடந்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கோ, நான் போட்டுர்றேன், சாட்சி போடுறியான்னு நான்தான் கேட்டேன். வாசல்ல இழுக்கிற வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். அவ படபடன்னு போட்டுக் குடுத்துட்டு ஓடினா. பாவம், நல்ல பொண்ணு."

கேட்டுக்கொண்டே நான் பையிலிருந்து புதுச் சீட்டையும் புது உறையையும் எடுத்து வைத்தேன். "பழசைக் கிழிச்சுடலாம். நீங்க இப்பவே மறுபடி போடுங்க. நான் சாட்சி போடறேன். கிளார்க் போடலாம், தப்பில்லை."

அவர் புது உறையைத் தொடவில்லை. "வேண்டாம்."

"ஏன்?"

"ஏப்ரல்ல நீ ஏன் வரலை?"

நான் சேறு, முழங்கால் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து அந்த மஞ்சள் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது.

"சாட்சி இல்லைன்னு டிக் அடிச்சிருக்கே. யாரும் இல்லைன்னு நான் எழுதி அனுப்பினேன். அதையே நீ திருப்பி எனக்கு எழுதி அனுப்பினே. எனக்குத் தெரியாதா மர்லிஸ்?"

தாளை எடுத்து மறுபடி அதே மடிப்பில் மடித்தேன்.

"இருபத்தொரு வயசிலேருந்து ஒண்ணு விடாமப் போட்டிருக்கேன். ஜெர்மனியிலேருந்தும் போட்டேன். ஏப்ரல்லதான் முதல் தடவை விட்டுப்போச்சு. ஆகஸ்ட்ல வந்த கவரைப் பிரிக்கக்கூட இல்லை, யாரு சாட்சிங்கற நினைப்புலயே வெச்சுட்டேன். இந்தத் தடவையும் போச்சுன்னா அப்புறம் நான் போட மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அப்ப நான் இருக்கேன்னு இந்த ஊர்ல வேற எந்தப் பேப்பர்லயும் எழுதியிருக்காது."

"அதுக்குத்தானே வந்திருக்கேன். உங்க ஓட்டு வீணாகக் கூடாதுன்னு..."

"ஏப்ரல் ஓட்டு வீணாகலாமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு உயர்த்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். பால் விலை சொல்கிற மாதிரி சொன்னார்.

"அவ பள்ளத்துல விழுந்ததால வந்தா. நீ அவ பேரைப் பார்த்துட்டு வந்தே. எனக்குன்னு யாரு வந்தீங்க?"

ஏதாவது நல்லதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அந்தச் சமையலறையில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாம் நார்பர்ட். அவங்க பேரைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். பேப்பர்ல வந்துரும்னு பயந்துட்டு வந்தேன். சாதாரண ஆளு யாராவது தப்பாப் போட்டிருந்தா மஞ்சத் தாள் அனுப்பியிருப்பேன்."

என்னையே பார்த்தார். பிறகு முகம் கொஞ்சம் இளகியது. "லுவெல்லா சொல்லுவா. ஹௌகன் பொண்ணு பீட்ரூட்டை ரொட்டிக்கு அடியில ஒளிச்சு வைக்கும், கையும் களவுமாப் பிடிச்சா உடனே ஒத்துக்கும்னு." புது உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி. திரும்பிக்கோ."

பழைய உறையைப் பிரித்து, உள்ளே இருந்த சீட்டை இரண்டாகக் கிழித்தார். அந்த உறையை மட்டும், சாட்சிக் கையெழுத்தோடு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

யாருக்குப் போடுகிறார் என்று சாட்சி பார்க்கக் கூடாது. ஆனால் அறையை விட்டுப் போகவும் கூடாது. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வெளியே காலி மாட்டுக்கொட்டகை. கதவு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

பத்து நிமிஷம் ஆயிற்று. பின்னால் அவர் குரல் மெதுவாகக் கேட்டது. முதலில் என்னிடம் பேசுகிறார் என்று நினைத்துத் திரும்பப் போனேன்.

"ஷெரிப் பதவிக்கு இவனா? இவன் அப்பன் நம்ம வேலியை இடிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லலையே. உனக்கு அது மறந்துபோச்சா? உனக்கு எவன் சிரிச்சாலும் நல்லவன்தான்."

நிறுத்தினார். எதிர்ப்பேச்சு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிறுத்தினார்.

"சரி, சரி, கத்தாதே."

ஒவ்வொரு பதவியாக வந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கு நடந்தது. அக்கா பக்கத்து நியாயத்தை நான் கேட்கவில்லை, ஆனால் இவர் நிறுத்துகிற இடங்களை வைத்து அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கே தெரிந்தது. அட்டர்னி ஜெனரலுக்கு வந்தபோது ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"உன் கட்சிக்காரி," என்றார் பிறகு. "உன் நாற்காலியிலதான் உட்கார்ந்தா."

"நார்பர்ட், சத்தமாச் சொல்லாதீங்க," என்றேன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "என் காதுல விழக் கூடாது."

"நீ காதை மூடிக்கோ." அப்புறம் மறுபடி அந்தப் பக்கம்: "நீ இல்லாம நான் மட்டும் போட்டா அது அழுகுணி ஆட்டம், லுவெல்லா. என்னை அழிக்க இப்ப ஆளில்லையே."

நான் நிஜமாகவே காதை மூடிக்கொண்டேன். சட்டத்துக்காக இல்லை. அதற்கு மேல் கேட்டால் நான் அழுதுவிடுவேன், அழுவதற்கு எனக்கு அங்கே என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் என் தோளைத் தட்டினபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. உறையை ஒட்டி, பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். வாக்காளரே கிளார்க்கின் கையில் கொடுக்க வேண்டும் என்று சட்டம். கொடுத்தார். எந்த மேஜையில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தால், அதை எழுதினவர் வந்து என்னிடம் பேசட்டும்.

செவ்வாய்க்கிழமை இரண்டு கட்சிப் பார்வையாளர்களும் வந்தார்கள். ஒருவன் நாளெல்லாம் சிப்ஸ் தின்றான், இன்னொருத்தி குளிர்கிறது என்று கோட்டைக் கழற்றவே இல்லை. பெவ் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் படித்தாள். "நார்பர்ட் ஸீமர், ஸீமர் ரோடு," என்றபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள். யாரும் எதிர்க்கவில்லை. உறையைப் பிரித்துச் சீட்டை எண்ணுகிற மெஷினில் விட்டாள். எங்கள் டவுனில் ஹாலர் ஜெயித்தார், மாநிலத்தில் டூஃபெக் ஜெயித்தாள். எங்கள் பெயர் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

அடுத்த வாரமே போய் நார்பர்ட்டைப் பார்ப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் மான் வேட்டை சீசன் தொடங்கிவிட்டது. அப்புறம் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை, பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் பனி. டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எனக்கே என்மேல் வெறுப்பு வந்து காரை எடுத்தேன். ஐந்து வாரம் ஆகியிருந்தது. பிஸ்கட் ஏதாவது கொண்டு போகலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். கொண்டு போனால் அதைக் கொடுக்க வந்ததாக ஆகிவிடும். பையைக்கூட எடுக்கவில்லை.

கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். பிறகு என் காரை எட்டிப் பார்த்தார்.

"என்ன, அதுவும் செல்லலையா?"

"எல்லாம் செல்லுபடி ஆயிடுச்சு நார்பர்ட். எண்ணியாச்சு, முடிஞ்சுது. நான் சும்மாத்தான் வந்தேன்."

"சும்மாவா," என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். அவர் சாப்பிட்ட தட்டை நகர்த்தினார். மேஜை விரிப்பைச் சட்டைக் கையால் துடைத்தார். இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"எங்க போடணும்?"

"எங்கயும் வேண்டாம். பேப்பர் ஒண்ணும் இல்லை. உங்களைப் பார்க்கலாம்னுதான் வந்தேன்."

தலையை ஆட்டினார். நான் சங்கடப்படுகிறேன், அதனால்தான் சுற்றி வளைக்கிறேன் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. என் மனம் நோகக்கூடாதென்று, "சரி, முதல்ல காப்பி குடி," என்றார். "அப்புறம் காட்டு."

காப்பி குடித்தேன். பனியைப் பற்றிப் பேசினோம், டுவெய்னின் முழங்காலைப் பற்றிப் பேசினோம், லுவெல்லாவைப் பற்றிப் பேசினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் பேனாவை மூடவே இல்லை.